கோட்டிலிருந்து மேற்பரப்பு

விழா மலர் ஒன்றில் வரைதற் பாடம் இடம்பெறுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். வாழ்த்துரைகளும் கல்லூரி வரலாறும் நிறைந்த ஏட்டில் வில்லுக்கும் வளையிக்கும் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஆயினும், நமது வகுப்பறைகளிற் கவராயமும் மூலைமட்டமும் கொண்டு கேத்திரகணிதம் கற்றோர் பலர் இன்று கணினித் திரையின் முன் அமர்ந்து கட்டடங்களையும் கலங்களையும் வரைந்து வருகின்றனர். அவர்களுள் இளையோர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. “நேர்கோடு வரையத் தெரியும், வில் வரையத் தெரியும், வளையியும் வரையத் தெரியும். மேற்பரப்பை எங்ஙனம் வரைவது?” என்பதே அவ்வினா.

இதற்குரிய விடை சுருக்கமானது. மேற்பரப்பை எவரும் வரைவதில்லை. அதன் விளிம்புகளையும் குறுக்குவெட்டுகளையுமே நாம் வரைகின்றோம். இடைப்பட்ட வெளியை ஒரு விதிக்கமையக் கணினி நிரப்புகின்றது. ஆகவே, மேற்பரப்பிற் காணப்படும் குற்றத்தைக் கோட்டிலும், நாம் தெரிந்தெடுத்த விதியிலுமே தேடல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உதாரணங்களைக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையிலிருந்து எடுத்துக்கொள்வோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இக்கரையில் முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் அருகருகே வாழ்ந்து தமிழையே தாய்மொழியாகப் பேசுகின்றனர். இங்கு பள்ளிவாசலின் குவிமாடம் வில்லின் சுழற்சியைக் காட்டும். மருதமுனையின் கைத்தறி இழைகளின் பின்னலைக் காட்டும். கரையில் ஏற்றி வைத்த படகு குறுக்குவெட்டுகளின் தொடர்ச்சியைக் காட்டும். இம்மூன்றையும் கண்ணாற் கண்ட மாணவனுக்குப் பாடத்தின் பாதி விளங்கிவிடும்.

சொற்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். இக்கரையிலுள்ள காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானக் கருத்துக்களைத் தமிழிற் கூறவியலும் என்பதைத் தமது கலைச்சொல்லாக்கப் பணியாற் காட்டியவர். அவ்வழி நின்று இங்கும் தமிழ்ச் சொற்களையே ஆளுகின்றோம். வட்டத்தின் ஒரு பகுதி வில்; எவ்வாறும் வளையத்தக்க கோடு வளையி; ஒரு புள்ளியில் வளையியைத் தொட்டு அதன் திசையைக் காட்டும் நேர்கோடு தொடலி. தடிப்பு இல்லாமல் நீளத்திலும் அகலத்திலும் மட்டும் பரந்திருப்பது மேற்பரப்பு.

1. வில்லின் சுழற்சி: குவிமாடம்

மேற்பரப்புகளுள் எளிதானது சுழற்சிப் பரப்பு. ஓர் அச்சும் ஒரு வளையியும் இருந்தாற் போதும். வளையியை அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுழற்ற, அது சென்ற வழியெல்லாம் பரப்பாகின்றது. குயவன் சக்கரத்திற் பானை உருவாவதும் இவ்வாறே.

அடியில் 8 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் உயரமும் உடைய தாழ்ந்த குவிமாடம் ஒன்றை வரைய வேண்டுமென்று கொள்வோம். முதலில் வில்லின் ஆரையைக் காணல் வேண்டும். அரைவிட்டத்தின் வர்க்கத்தோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் ஆரை கிடைக்கும். 16உம் 4உம் கூடி 20. அதனை 4ஆல் வகுக்க 5. எனவே, வில்லின் ஆரை 5 மீற்றர். அதன் மையம் அடித்தளத்துக்கு 3 மீற்றர் கீழே அச்சின்மேல் அமையும். மூன்று, நான்கு, ஐந்து என்னும் பழைய செங்கோண முக்கோணி இங்கே மறைந்திருப்பதை மாணவர் காண்க.

உச்சியிலிருந்து அடிவரை செல்லும் பாதி வில்லை மட்டுமே சுழற்றுதல் வேண்டும். முழு வில்லையும் முழுச் சுற்றுச் சுழற்றினால், ஒன்றன்மேல் ஒன்றாக இரு பரப்புகள் படியும். கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். கணினியிடம் பரப்பளவு கேட்டால் இருமடங்கு சொல்லும். உண்மையான பரப்பளவு, பையின் இருமடங்கை ஆரையாலும் உயரத்தாலும் பெருக்க வருவது. அஃதாவது ஏறத்தாழ 62.8 சதுர மீற்றர். அடிவட்டத்தின் பரப்பளவோ 50.3 சதுர மீற்றரே. அடிவட்டத்தை மட்டும் அளந்து பூச்சுக்குச் சீமெந்து வாங்குபவர் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வாங்கிவிடுவார்.

1982இல் வெளிவந்து இன்றும் பரவலாக வழங்கும் ஓட்டோகேட் மென்பொருளில் இவ்வேலைக்குரிய பழைய கட்டளை றெவ்சேர்ஃப் என்பது. அது பரப்பைச் சிறு தட்டைத் துண்டுகளின் வலையாகவே அமைக்கும். எத்தனை துண்டுகள் என்பதைச் சேர்ஃப்டாப் என்னும் இரு எண்கள் தீர்மானிக்கின்றன. நாம் மாற்றாவிடின் அவை ஆறாகவே இருக்கும். ஆறு துண்டுகளாற் சுற்றிய குவிமாடம் அறுகோணக் கூடாரமாகிவிடும். 4 மீற்றர் ஆரையுள்ள அடிவட்டத்தில், உண்மை வட்டத்துக்கும் துண்டின் நடுவுக்கும் உள்ள இடைவெளி 53 சென்றிமீற்றருக்கும் மேலாகும். துண்டுகளை 24 ஆக்கினால் அவ்விடைவெளி 3.4 சென்றிமீற்றர், 60 ஆக்கினால் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர். பூச்சு வேலைக்கு அது போதும். தேவைக்கு மேல் எண்ணைக் கூட்டுவதாற் கணினியின் சுமை பெருகுமேயன்றிப் பயனொன்றும் இல்லை.

குவிமாடத்தின் அடி சற்று உட்குவிந்தும் நடு வெளிப்பருத்தும் நுனி கூர்ந்தும் இருத்தல் வேண்டுமாயின், பல விற்களை இணைத்தல் நேரும். அங்கே ஒரு விதியை மறத்தலாகாது: இரு விற்கள் தட்டின்றிச் சேர வேண்டுமானால், அவற்றின் இரு மையங்களும் சேரும் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். அப்போதுதான் அவ்விடத்தில் இரண்டுக்கும் தொடலி ஒன்றாகும். கோட்டில் ஒரு மயிரிழை அளவாகத் தோன்றும் முறிவு, சுழன்றபின் மாடத்தைச் சுற்றி ஒரு வரம்பாக நிற்கும்.

2. பாவும் ஊடும்: நான்கு விளிம்புப் பரப்பு

சுழற்சியில் அமையாத பரப்புகளே உலகில் மிகுதி. நான்கு வளையிகள் ஒன்றோடொன்று முனைகளிற் சேர்ந்து ஒரு சட்டமாக நிற்கின்றன என்று கொள்க. அச்சட்டத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டினாற்போல் ஒரு பரப்பை அமைக்கலாம். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ஸ்டீவன் கூன்ஸ் 1960களில் இதற்கு வகுத்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஓட்டோகேட்டின் எட்ஜ்சேர்ஃப் கட்டளை செய்வதும் அதனையே.

மருதமுனைத் தறியைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. துணியின் எவ்விடத்தையும், இத்தனையாவது பாவிழை, இத்தனையாவது ஊடிழை என்று இரண்டே எண்களாற் குறிக்கலாம். கணினியும் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் அங்ஙனமே இரண்டு எண்களாற் குறிக்கின்றது. துணி தட்டையாகக் கிடந்தாலும், தோளிற் கிடந்து மடிந்தாலும், இழையின் எண் மாறுவதில்லை. பரப்பு எவ்வாறு வளைந்தாலும் அவ்விரு எண்களும் மாறாமையே இக்கணிதத்தின் உயிர்நிலை.

கூன்ஸ் வகுத்த விதியைச் சொற்களாற் கூறலாம். எதிரெதிரான முதலிரு விளிம்புகளை நேர்கோடுகளால் இணைத்து ஒரு பரப்புப் பெறுக. மற்றைய இரு விளிம்புகளையும் அங்ஙனமே இணைத்து இன்னொரு பரப்புப் பெறுக. இரண்டையும் கூட்டுக. கூட்டியபோது நான்கு மூலைகளும் இருமுறை எண்ணப்பட்டுவிடும். ஆதலால், மூலைகளை மட்டும் கொண்டு அமைந்த பரப்பை ஒருமுறை கழித்துவிடுக.

ஓர் எண்ணுதாரணம் காண்போம். நான்கு மூலைகளும் நிலத்திலிருந்து 10 சென்றிமீற்றர் உயரத்தில் உள்ளன. ஓர் இணை விளிம்புகளின் நடுப்புள்ளிகள் 50 சென்றிமீற்றர் உயரத்திலும், மற்றைய இணையின் நடுப்புள்ளிகள் 30 சென்றிமீற்றர் உயரத்திலும் உள்ளன. பரப்பின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம்? 50உம் 30உம் கூடி 80. மூலைகளின் சராசரி 10. கழிக்க 70 சென்றிமீற்றர். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: நடுவின் உயரமான 70 என்னும் எண்ணை நாம் எங்கும் கொடுக்கவில்லை. அது விளிம்புகளிலிருந்தே பிறந்தது. நடு உயர்ந்துவிட்டது என்று குறைகூறும் மாணவன், நடுவைத் தொட்டு இழுக்காமல் விளிம்பைத் திருத்துதல் வேண்டும்.

விளிம்புகள் நான்கும் முனைகளிற் சரியாகத் தொடாவிடின் கட்டளை நிறைவேறாது. திரையிற் தொடுவதுபோலத் தோன்றும் இரு முனைகளுக்கிடையே சிறு இடைவெளி இருத்தல் கூடும். கண்ணால் நோக்கிப் புள்ளி வையாது, முனையைப் பற்றும் வசதியைப் பயன்படுத்தியே வரைதல் நலம்.

3. இரு கோடுகளுக்கிடையே: ஒட்டுப்பலகைப் படகு

இரண்டு வளையிகளை நேர்கோடுகளால் இணைத்துப் பெறுவது கோட்டுப் பரப்பு. அதற்குரிய கட்டளை றூல்சேர்ஃப். இரு வளையிகளையும் தெரியும்போது ஒரே பக்கத்து முனைகளுக்கு அருகிலே தெரிதல் வேண்டும். ஒன்றை அணியத்துப் பக்கத்திலும் மற்றதைக் கடையார்ப் பக்கத்திலும் தெரிந்தால், பரப்பு நடுவில் முறுக்குண்டு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நேர்கோடுகளால் ஆன பரப்பெல்லாம் தட்டைத் தகட்டிலிருந்து வளைத்தெடுக்கக்கூடியது என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. கடலை விற்பவர் சுற்றும் காகிதக் கூம்பும், சுருட்டிய பாயின் உருளையும் விரித்தால் தட்டையாகும். ஆனால், ஒரே தளத்திற் கிடவாத, இணையுமல்லாத இரு நேர்கோடுகளை இணைத்துப் பெறும் முறுக்குப் பரப்பு எத்துணை முயன்றாலும் தட்டையாகாது. ஒவ்வொரு நேர்கோட்டின் வழியேயும் தொடுதளம் மாறாமல் இருந்தால்தான் பரப்பு விரியும். முறுக்குப் பரப்பில் அத்தளம் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கையில் திரும்பிவிடுகின்றது.

ஒட்டுப்பலகையாற் படகு செய்வோர்க்கு இவ்வேறுபாடு பெரிது. றூல்சேர்ஃப் கட்டளை இரு வளையிகளிலும் சமமான பங்கிலுள்ள புள்ளிகளையே இணைக்கின்றது; விரியத்தக்க பரப்புக்கு வேண்டிய புள்ளிகளைத் தேடி இணைப்பதில்லை. அதனால், திரையில் அழகாகத் தோன்றும் பக்கத்தைப் பலகையில் வெட்டினால் அது வளைய மறுக்கும். வலிந்து வளைத்தால் வெடிக்கும். இதற்கென விரிபரப்புக் கட்டளையுள்ள மென்பொருளைப் பயன்படுத்துதல் வேண்டும். இல்லையேல் தடித்த காகிதத்திற் சிறு மாதிரி செய்து பார்த்தல் வேண்டும். காகிதம் சுருங்காமற் பொருந்துமாயின் பலகையும் பொருந்தும்.

4. குறுக்குவெட்டுகளின் மேல்: அச்சுப் படகு

இன்று இக்கரையில் மிகுதியாகக் காணப்படுவது கண்ணாடியிழைப் படகே. முதலில் மரத்தாலும் பூச்சாலும் படகின் மூல உரு ஒன்று செய்வர். அதன்மேல் அச்சு எடுப்பர். அச்சினுள் வெளிப்பூச்சும், பின்னர்க் கண்ணாடியிழைப் பாயும் பிசினும் அடுக்கடுக்காக இட்டு, இறுகியபின் படகைக் கழற்றுவர். ஒரே அச்சிற் பல படகுகள் பிறக்கும். ஆகவே மூல உருவின் குற்றம் அத்தனை படகுகளிலும் பிறக்கும். அத்தனை குடும்பங்களும் அதனைச் சுமக்கும்.

மூல உருவுக்குரிய பரப்பைக் குறுக்குவெட்டுகளை இணைக்கும் லொஃப்ற் என்னும் முறையாற் பெறலாம். பயிற்சிக்காக ஐந்தரை மீற்றர் நீளமுள்ள ஒரு படகைக் கொள்வோம். வரையும் ஒழுங்கு வருமாறு:

முதலாவது, அலகைத் தீர்மானித்தல். மில்லிமீற்றரில் தொடங்கியதை அடியில் முடித்தலாகாது.

இரண்டாவது, படகின் அடியில் ஓடும் ஏராவின் வளையியைப் பக்கத் தோற்றத்தில் வரைதல்.

மூன்றாவது, படகின் மேல்விளிம்பை, பக்கத்திலும் மேலிருந்தும் நோக்கி, ஒரே வெளி வளையியாக வரைதல்.

நான்காவது, அணியம், காற்பங்கு, நடு, முக்காற்பங்கு, கடையார் என்னும் ஐந்து இடங்களிற் குறுக்குவெட்டுகளை வரைதல். ஒவ்வொன்றின் கீழ்முனையும் ஏரா வளையியையும், மேல்முனை விளிம்பு வளையியையும் தொடுதல் வேண்டும்.

ஐந்தாவது, ஏராவையும் விளிம்பையும் வழிகாட்டியாகக் கொண்டு ஐந்து வெட்டுகளையும் இணைத்தல். பாதிப் படகை மட்டும் செய்து, நடுத்தளத்திற் கண்ணாடி விம்பமாக மறுபாதியைப் பெறுதல் போதும். அடி உருண்டிருக்க வேண்டுமாயின், வெட்டுகளின் தொடலி நடுத்தளத்துக்குச் செங்குத்தாக அமைதல் வேண்டும். இல்லையேல் வேண்டாத முதுகொன்று படகின் நீளத்துக்கும் எழும்.

வெட்டுகளைக் கூட்டினாற் பரப்புச் சிறக்கும் என்று புதியோர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. பழைய படகொன்றை அளந்து இருபது வெட்டுகள் வரைந்தால், இருபது அளவைப் பிழைகளும் பரப்பினுள் நுழைந்து அலையலையாக நிற்கும். அக்காலக் கலங்கட்டுவோர் மெல்லிய மரச்சலாகையை வளைத்து, ஈயப் பாரங்களால் நிறுத்தி, அதன் வழியே கோடு கீறினர். சலாகைக்குத் தேவைக்கு மேலான பாரங்களை வையார். சலாகை தன் இயல்பில் வளைய வழிவிடுவர். ஆங்கிலத்தில் ஸ்பிளைன் எனப்பட்ட அச்சலாகையின் பெயரையே 1946இல் கணித அறிஞர் ஐசக் ஷோன்பேர்க் தம் வளையிக்கு இட்டார். பின்னர் பிரான்சு நாட்டு மோட்டார்க் கம்பனிகளிலே, சித்ரோவனில் 1959 முதல் போல் த காஸ்தல்ஜோவும், ரெனோவில் 1960களிற் பியேர் பெசியேயும் இத்தகைய வளையிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் ஆள வழிகண்டனர். சித்ரோவன் தன் முறையை வெளியிடாது காத்தமையாற் பெசியேயின் பெயரே நிலைத்தது.

கட்டுப்பாட்டுப் புள்ளி வளையியின்மேற் கிடப்பதன்று, அதனை இழுப்பது. நான்கு புள்ளிகளின் உயரம் முறையே 0, 40, 40, 0 என்க. அடுத்தடுத்த இரண்டின் நடுவைக் காண்க: 20, 40, 20. மீண்டும் காண்க: 30, 30. மீண்டும்: 30. வளையியின் நடு உயரம் 30, 40 அன்று. பென்சிலும் தாளும் கொண்டு இக்கணக்கைப் பலமுறை செய்து பார்க்கும் மாணவன், திரையிற் புள்ளியை இழுக்கும்போது விளைவதை முன்னரே அறிவான்.

5. சோதனை

பரப்பு அமைந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மூன்று சோதனைகள் வேண்டும்.

ஒன்று, தொடர்ச்சிச் சோதனை. விளிம்புகள் தொடுகின்றனவா, தொடலிகள் ஒன்றுகின்றனவா, வளைவும் ஒன்றுகின்றதா என மூன்று படிகளிற் பார்த்தல் வேண்டும். நேர்கோடொன்று 50 சென்றிமீற்றர் ஆரையுள்ள வில்லோடு தொடலி ஒன்றச் சேர்ந்தாலும், வளைவானது பூச்சியத்திலிருந்து மீற்றருக்கு 2 என்னும் அளவுக்குத் திடீரெனத் தாவுகின்றது. மென்பொருள் காட்டும் வரிக்கோட்டுப் பிரதிபலிப்பில் அவ்விடத்தே வரிகள் முறிந்து தோன்றும்.

இரண்டு, செய்யக்கூடிய தன்மை. அச்சின் பக்கங்கள் மேல்நோக்கி விரிந்திருந்தாலன்றிப் படகு கழலாது. அன்றியும், அகன்ற தட்டைப் பகுதி அலையடியில் உள்ளும் புறமும் துடித்துக் காலப்போக்கில் வெடிக்கும். அளவான வளைவு அதே தடிப்புக்குக் கூடிய விறைப்பைத் தரும். ஆகவே படகின் வளைவு அலங்காரத்துக்கு மட்டும் உரியதன்று.

மூன்று, மிதப்புக் கணக்கு. நீர்மட்டத்திற் படகின் பரப்பளவு 5 சதுர மீற்றராயின், அது ஒரு சென்றிமீற்றர் மேலும் அமிழ்வதற்கு வேண்டிய பாரம், கடல்நீரின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 1025 கிலோகிராமாகக் கொள்ள, ஏறத்தாழ 51 கிலோகிராம். மெலிந்த மனிதர் ஒருவரின் நிறை அவ்வளவே. வரைபடத்தில் மேல்விளிம்பை ஐந்து சென்றிமீற்றர் தாழ்த்தி வரைந்தவர், கடலுக்குச் செல்வோரின் காப்பிலிருந்து ஐவரின் பாரத்துக்குரிய உயரத்தைக் கழித்துவிட்டவராவார்.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையின் மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர். வீடும் கலமும் வலையும் ஒருங்கே அழிந்தன. அதன்பின் உதவிப் பணம் வந்தது. படகுகள் விரைந்து கட்டப்பட்டன. அவ்விரைவில் தரம் குறைந்த கலங்கள் பலவும் மீனவர் கைக்கு வந்தன. கொடுத்தோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் நல்லெண்ணம் படகை மிதக்கச் செய்யாது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் படகு கட்டுவோர்க்குப் பயிற்சியளித்ததோடு, 2009இற் கண்ணாடியிழைப் படகு கட்டும் முறைபற்றிக் கைநூலொன்றையும் வெளியிட்டது. ஒரு முறை இழந்தவர் கையில், இரண்டாவது முறை குறையுள்ள பொருளைக் கொடுத்தலாகாது என்பதே அவ்வனுபவம் தரும் பாடம்.

முடிவுரை

சுழற்சிக்கு ஒரு வளையியும் ஓர் அச்சும், கோட்டுப் பரப்புக்கு இரு வளையிகள், கூன்ஸ் பரப்புக்கு நான்கு விளிம்புகள், அச்சுப் படகுக்கு வெட்டுகளும் வழிகாட்டிகளும் என நான்கு முறைகளைக் கண்டோம். எதனைத் தெரிவது என்பதைத் திரையை நோக்கித் தீர்மானித்தல் தகாது. பொருளைச் செய்யப்போகும் கொத்தனாரையும் தச்சரையும் படகு கட்டுபவரையும் நோக்கியே தீர்மானித்தல் வேண்டும்.

இன்று இக்கல்வி எட்டாத தொலைவில் இல்லை. 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாகிய, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இப்போது பொறியியற் பீடமும் உண்டு. ஃபிரீகேட் போன்ற மென்பொருள்களைப் பணமின்றியே பெறலாம். பழைய மாணவராகிய நம்மால் இயன்றது, விடுமுறை நாட்களில் இளையோரை ஒரு குவிமாடத்தின் கீழும், ஒரு தறியின் முன்னும், கரையேற்றிய ஒரு படகின் அருகிலும் நிறுத்தி, கையால் தொட்டு அளக்கச் செய்தலாகும். அளந்த கையோடு வந்து அமர்பவன் திரையில் வீணான கோடு இடமாட்டான்.